எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை? – வாசகர் கேள்வி பதில்

தை, மாசிக் கல்யாணங்கள் முடிந்த கையோடு வந்து சேர்ந்த கடிதங்கள் இவை. சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்விக்கு என்ன பதில் சொல்வது, யாரிடம் சொல்வது, எங்கே பேசாமல் இருப்பது என்பதுதான் ஏறக்குறைய எல்லாவற்றிலும் சங்கதி. பெயர் வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கித்தான் தந்திருக்கிறேன்.

என் அப்பா தேவகோட்டை நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்), அம்மா பாலக்காடு. இருவரும் விரும்பிக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். அப்பாவுக்குக் கல்யாணத்தில் கோயிலிலிருந்து மாலை வரவில்லை, கோயில் கணக்கில் புள்ளியும் கிடையாது. நான் வளர்ந்தது கோயம்புத்தூரில். அப்பத்தா இருந்தவரை எங்களைத் தாங்கினார். இப்போது பெரியப்பா மகன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தோம். முகப்பில் உட்கார்ந்தாலும் பந்தியில் உட்கார்ந்தாலும் ‘எந்தக் கோயில் ஆத்தா நீ?’ என்ற கேள்விதான். ஆலாத்தி எடுக்கத் தட்டைக் கையில் வாங்கினேன். ஓர் அத்தை சிரித்துக்கொண்டே வந்து அதை வாங்கி வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, ‘பாவம், பிள்ளைக்கு என்ன தெரியும்’ என்றார். அப்பா அதைப் பார்த்துவிட்டு எழுந்து கார் பக்கம் போய்விட்டார். நான் யார் என்று யாராவது கேட்டால் இனி என்ன சொல்ல?
– வாசகி, கோயம்புத்தூர்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கையிலிருந்து தட்டை வாங்கியது தப்பு. மரியாதை, வழக்கம், சாங்கியம் என்று எந்தப் பெயரில் செய்தாலும் தப்புதான். கல்யாண வீட்டுக்கு அழைத்த பிள்ளையை நாலு பேர் முன்னால் அப்படிச் செய்யக் கூடாது என்பது அந்த அத்தைக்கே தெரியும். தெரிந்ததால்தான் சிரித்துக்கொண்டே செய்திருக்கிறார்.

ஆனால் தட்டை வாங்கியதையும் ‘எந்தக் கோயில்’ என்ற கேள்வியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நகரத்தாருக்கு இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்று ஒன்பது கோயில்கள். பொதுவாக ஒரே கோயில் என்றால் பங்காளி, பெண் கொடுத்துப் பெண் எடுக்க முடியாது. அதனால் ஒரு வயதான ஆச்சி உங்களைப் பார்த்ததும் கோயிலைக் கேட்டார் என்றால், பாதி நேரம் அவர் மனதில் ஓடுவது இவள் எனக்குப் பங்காளி வழியா, பெண் கொண்டு கொடுத்த தாயபிள்ளை வழியா, இவளை என்ன முறை வைத்துக் கூப்பிட என்பதுதான். கோயில், ஊர், விலாசம் (வீட்டு இனிஷியல்) மூன்றும் தெரிந்தால் போதும், உங்கள் ஐயாவின் ஐயா ரங்கூனில் யாரோடு கூட்டு வைத்திருந்தார் என்பதுவரை அவர்களே சொல்லிவிடுவார்கள். மீதிப் பாதி நேரம் அந்தக் கேள்வி உங்களை ஆழம் பார்க்கத்தான் வருகிறது, அதையும் நான் மறைக்கவில்லை. எது எந்த ரகம் என்று குரலிலேயே தெரிந்துவிடும்.

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ‘தேவகோட்டை, ஆச்சி. இன்னார் மகள், அப்பா பிறந்தது இன்ன கோயில், அம்மா பாலக்காட்டுக்காரங்க.’ இதை ஒரே மூச்சில் சொல்லுங்கள். அப்பாவின் கோயிலைச் சொல்லிவிட்டு அம்மாவைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விநாடி தயங்கினீர்கள் என்றால், அந்தத் தயக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கேள்வி வரும். அப்புறம் ‘அப்போ புள்ளி இல்லையா?’ என்பார்கள். ‘இல்லை ஆச்சி’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். ஏன் இல்லை, அப்பா ஏன் அப்படிச் செய்தார், அதற்கு அப்பத்தா என்ன சொன்னார் என்ற கதையெல்லாம் பந்தியில் பரிமாற வேண்டியதில்லை. அம்மாவின் ஊரை மென்று விழுங்குவது மட்டும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்குக் காது கேட்கும்.

புள்ளியைப் பற்றி உங்களுக்கே ஒரு தெளிவு வேண்டும். கல்யாணமான ஒரு தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப் புள்ளி. இது கோயில் வரி, கோயில் காரியம், யார் யார் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்பதற்கான கணக்கு. அந்த ஏட்டில் பெயர் சேர்ப்பதும் சேர்க்காததும் நகரத்தார் தங்களுக்குள் வைத்திருக்கிற ஏற்பாடு. அதை நீங்கள் ஒரு கல்யாணத்தில் வாதாடி மாற்ற முடியாது. ஆனால் புள்ளி இல்லாததால் நீங்கள் உங்கள் அப்பாவின் மகள் இல்லை என்று ஆகிவிடாது. பங்கு வீட்டிலும் அப்படித்தான். 2005-இல் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டு. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட அவசியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. வீட்டுப் பேச்சு வரும்போது யாராவது ‘உங்களுக்குத்தான் புள்ளியே இல்லையே’ என்று ஆரம்பித்தால், கோயில் ஏடு வேறு, பத்திரம் வேறு என்பது நினைவில் இருக்கட்டும்.

இனி அத்தை. அவரிடம் நீங்கள் பேசத்தான் வேண்டும், ஆனால் கூட்டத்தில் வேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, சாப்பாடு முடிந்து எல்லோரும் கண் அயர்கிற நேரத்தில், வீட்டின் இரண்டாம் கட்டில் அவர் தனியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். ‘அத்தை, அன்னைக்குத் தட்டை வாங்கினீங்க, எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. நான் எடுக்கக் கூடாதுன்னா முன்னாடியே தனியாச் சொல்லியிருக்கலாம். பாவம்னு மட்டும் சொல்லாதீங்க’ என்று சொல்லுங்கள். அவர் உடனே ‘நான் என்ன சொல்லிட்டேன், நல்லதுக்குத்தானே’ என்பார். சொல்லட்டும். விட்டுக்கொடுத்துச் சிரிக்கவும் வேண்டாம், மேலே பேசவும் வேண்டாம். அது அவருக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அத்தை இல்லை, கார் பக்கம் போன அப்பா. ஊரை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்ட மனிதர் அவர். அந்தத் தைரியத்தை அன்றைக்கே செலவழித்துத் தீர்த்துவிட்டாரோ என்னவோ, இப்போது அவர் பேச வேண்டிய இடத்தில் நீங்கள் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அவரிடம் கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம், ஆனால் நேரடியாகக் கேளுங்கள்: ‘அடுத்த விசேஷத்துக்கு முன்னாடியே பெரியப்பாகிட்ட நீங்க பேசுங்கப்பா. பிள்ளை எதுல கலந்துக்கலாம், எதுல கூடாதுன்னு முன்கூட்டியே தெரியணும். தெரியாதுன்னா நாங்க வரலை.’ அண்ணன் தம்பி பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது. கல்யாணச் சடங்குக்கு ஆள் குறித்துக் கொடுப்பது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள்தானே. ‘என் தம்பி மகள் எடுப்பாள்’ என்று பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எந்த அத்தையும் கிட்டே வந்திருக்க மாட்டார்.

என் பேரனுக்குப் பதினோரு வயது, அமெரிக்காவில் பிறந்தவன். லீவுக்கு வந்திருந்தான். நான் பேசுவது புரிகிறது, திருப்பிப் பேசத்தான் வரவில்லை. வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில்) உட்கார்ந்திருந்த பங்காளி வீட்டு ஆச்சிகள் எல்லாம் ‘தமிழ் தெரியாத பிள்ளை என்ன செட்டிநாட்டுப் பிள்ளை’ என்று அவன் காதுபடவே பேசினார்கள். அவன் வெடுக்கென்று ‘நான் அமெரிக்கன்’ என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். என் மகன் அவனை அடிக்கக் கை ஓங்கினான். நான் யார் பக்கம் பேச?
– ஒரு அப்பத்தா, பள்ளத்தூர்

பேரன் பக்கம், ஆச்சி. சந்தேகமே வேண்டாம். பதினோரு வயதுப் பிள்ளையை நாலு பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து நீ யார் என்று கேட்டால் அவன் தனக்கு நிச்சயமாகத் தெரிந்ததைத்தான் சொல்வான். அவன் பிறந்த ஊர், படிக்கிற பள்ளிக்கூடம், விளையாடுகிற பிள்ளைகள் எல்லாம் அங்கே. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

பங்காளி வீட்டு ஆச்சிகளிடம் நீங்கள் ஒன்று சொல்லலாம். நம் வீட்டு ஐயாக்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சைகோனுக்கும் மூன்று வருடக் கணக்குக்குப் போனவர்கள். ரங்கூன் மொகல் தெருவில் கடை வைத்துப் பர்மியப் பாஷை பேசித்தான் வட்டிக்குக் கொடுத்தார்கள், வசூல் பண்ணினார்கள். போன இடத்துப் பேச்சைக் கற்றுக்கொள்ளாமல் யாரும் பெட்டியடியில் உட்கார முடியவில்லை. அந்த ஆச்சிகள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற தூணே பர்மாத் தேக்குத்தான். விசேஷத்துக்குக் கவுனி அரிசி இல்லாமல் நமக்கு ஆகாது, அதுவும் பர்மாவிலிருந்து வந்ததுதான். போன ஊரிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு வருவது நம் வீடுகளுக்குப் புதிதில்லை. இதை அவர்களுக்கு ஒருமுறை சொன்னால் போதும். பேரனுக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும். அவனுடைய முப்பாட்டன் கப்பலேறியபோது என்ன வயது, பெட்டியில் என்ன கொண்டுபோனார், எப்போது திரும்பினார் என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள், புரிகிறது என்கிறீர்களே. அவன் இங்கிலீஷில் திருப்பிக் கேட்கட்டும், குறுக்கே போய்த் திருத்தாதீர்கள்.

அவன் கையில் ஒரு வேலையையும் கொடுங்கள். திருக்கார்த்திகை கழிந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு வருகிறது. நகரத்தார் எந்த நாட்டில் இருந்தாலும் விடாமல் செய்கிற நோன்பு அது. அங்கே உங்கள் மகன் வீட்டில் நூல் இழையை எண்ணிச் சேர்க்கிற வேலை பேரனுடையது என்று வைத்துவிடுங்கள். 21 இழை, ஒன்று கூடக் கூடாது, குறையக் கூடாது. திரியாகத் திரித்து, இழைமாவில் வைத்து நெய் விட்டு ஏற்றி, பெரியவர் எடுத்துக் கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்து எந்தப் பிள்ளைதான் வாயைப் பிளக்காது! நெருப்பைச் சாப்பிடுகிற பண்டிகை என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்ல அவனுக்கே ஆசை வரும். நீங்கள் போனில் வீடியோவில் உட்கார்ந்து, ‘எண்ணிட்டியா?’ என்று கேளுங்கள். ஒன்று, இரண்டு என்று இருபத்தொன்றுவரை தமிழில் எண்ணினால் அந்த வருடத்துக்கு அது போதும்.

கை ஓங்கிய மகனிடம் தனியாகப் பேசுங்கள். ஊரில் தன் மானம் போய்விட்டது என்ற கோபத்தைத்தான் அவர் பிள்ளை மேல் காட்டியிருக்கிறார். வீட்டில் தமிழ் பேசாத குறை பிள்ளையுடையது இல்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது கீழச்சிவல்பட்டி வீட்டிலிருந்து என்னைப் பிள்ளை கூட்டினார்கள் (சுவீகாரம் எடுத்தார்கள்). கூட்டிக்கொண்ட அம்மாவுக்கு இப்போது 80 வயது தாண்டிவிட்டது. பெற்ற அம்மாவும் இருக்கிறார்கள். அங்கே தம்பிக்கு மணிவிழா வருகிறது, ‘மூத்த மகனா முன்னாடி நில்லு’ என்கிறார்கள் பெற்ற அம்மா. இங்கே அதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. என் மகள் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள் என்று கேட்கிறாள், எந்த அப்பத்தாவை எழுத?
– வாசகர், ராயவரம்

இரண்டு பேரையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு கிளைக்குப் பக்கத்தில் இன்னொரு கிளை போட்டால் ஆயிற்று, பிள்ளைகளுக்கு இதெல்லாம் சுலபம். பெரியவர்கள் நாம்தான் ஒன்றை அழித்துவிட்டு ஒன்றை எழுதப் பார்க்கிறோம்.

சட்டப்படி பார்த்தால் 1956-ஆம் வருடச் சட்டம் தெளிவாக இருக்கிறது. சுவீகாரம் போன நாளிலிருந்து நீங்கள் கூட்டிக்கொண்ட வீட்டுப் பிள்ளை, பிறந்த வீட்டில் வாரிசு இல்லை. ஆனால் பிறந்த வீட்டில் யாரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கூடாதோ அவர்களை இப்போதும் பண்ணிக்கொள்ளக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ரத்த உறவைச் சட்டமே முழுசாகத் துடைத்துப் போடவில்லை. நம் பக்கத்தில் பிள்ளை கூட்டாத வளவு இருக்கிறதா, சொல்லுங்கள். கண்ணதாசனே சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்து, காரைக்குடிக்குப் பிள்ளையாகப் போய் நாராயணன் ஆகி, பிற்பாடு தானே ஒரு பெயரை வைத்துக்கொண்டவர்தான்.

மணிவிழா விஷயத்தில், இங்கே இருக்கிற அம்மாவுக்குச் செய்தி மற்றவர்கள் வாயால் போகக் கூடாது. அங்கே ஒப்புக்கொள்வதற்கு முன்னால் அவர்களிடம் கேளுங்கள். ‘போகவா’ என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். ‘நீங்களும் வாங்க, நாம சேர்ந்து போவோம்’ என்று கேளுங்கள். உங்களைப் பெற்றவர் இவரை ‘வாங்க’ என்று முகப்பில் நின்று அழைக்க வேண்டும், அதைப் பெற்றவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது உங்கள் வேலை. மூத்தவனாக முன்னால் நிற்க வேண்டாம், அண்ணனாகச் சபையில் பக்கத்தில் நின்றால் போதும். தம்பி கட்டிக்கொள்ளும்போது யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று அந்தச் சபையில் எல்லோருக்கும் தெரியும்தானே.

சொந்த ஊர் கொத்தமங்கலம், சென்னையில் வேலை, வயது 29. எனக்குப் பெண்கள் மேல் ஈர்ப்பு கிடையாது, ஆண்கள் மேல்தான். இது எனக்குப் பள்ளிக்கூட நாளிலேயே தெரியும். வீட்டில் சாதகத்தை வெளியே கொடுத்துவிட்டார்கள். வாரம் ஒரு பெண் போட்டோ வருகிறது. ஊருக்குப் போனால் அம்மான், அத்தை, பெரியாத்தா எல்லோரும் ‘எப்போ கல்யாணச் சாப்பாடு’ என்கிறார்கள். ஆச்சிக்கு மட்டும் (எனக்கு மூத்தவள், அக்கா) ஏதோ புரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. சொல்லிவிடலாமா, இப்படியே தள்ளிப்போடலாமா?
– வாசகர், சென்னை

தம்பி, உங்கள் கடிதத்தை ஒரு தடவைக்கு மேல் படித்தேன். இதை எழுதவே எவ்வளவு நாள் யோசித்திருப்பீர்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். இவ்வளவு காலம் தனியாகவே சுமந்திருக்கிறீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தள்ளிப்போட இடமில்லை. பெண் பார்க்கும் வரைக்கும் போய்விடக் கூடாது. போட்டோ பார்ப்பது, சாதகம் பொருத்துவது, அப்புறம் பேசி முடிப்பது என்று ஒவ்வொரு படியும் ஏற ஏற இறங்குவது கஷ்டம். இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதிய பிறகு யாரால் என்ன சொல்ல முடியும்? அம்மாவின் கண்ணீருக்காகத் தலையை நீட்டினால் ஒன்றுமே அறியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையும் அதில் சேர்ந்து போகும். அதனால் உங்களைப் பற்றிச் சொல்வதற்கு முன்னாலேயே, ‘எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம், சாதகத்தைத் திருப்பி வாங்கிவிடுங்கள்’ என்று அப்பாவிடம் இந்த மாதமே சொல்லிவிடுங்கள். காரணம் கேட்பார்கள். ‘சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள்’ என்று சொல்லலாம். வேலை, சம்பளம், வீட்டுக் கடன் என்று பொய்க் காரணம் மட்டும் வேண்டாம், அது தீர்ந்ததும் போட்டோ மறுபடியும் வரும்.

முதலில் சொல்ல வேண்டியது ஆச்சியிடம். புரிந்திருக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஊரில் வேண்டாம், வளவு வீட்டில் ஓர் அறையில் பேசினால் நாலு அறைக்குக் கேட்கும். அவரைச் சென்னைக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் நீங்கள் அவர் வீட்டுக்குப் போங்கள், அயித்தான் இல்லாத நேரமாகப் பார்த்து. சுற்றி வளைக்காமல், ‘எனக்கு ஆண்கள் மேலதான் ஈர்ப்பு ஆச்சி, சின்ன வயசிலேருந்தே அப்படித்தான், மாறாது’ என்று சொல்லுங்கள். பெற்றவர்களிடம் பேசும்போது ஆச்சி பக்கத்தில் இருந்தால் அதுவே பெரிய பலம்.

அம்மா, அப்பா என்ன சொல்வார்கள் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் சில வார்த்தைகள் எப்படியும் வரும். ‘யாரு கண்ணு பட்டுச்சோ’, ‘டாக்டர்கிட்ட காட்டலாம்’, ‘ஒரு கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்’. டாக்டர் பேச்சு வந்தால் தைரியமாகச் சொல்லுங்கள்: இது நோய் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே 2018-இல் சொல்லிவிட்டது. அதே வருடம் செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. மாற்றிக் காட்டுகிறேன் என்று வைத்தியம் பார்ப்பதைத் தடுக்கச் சொல்லி 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது, அப்படிச் செய்கிற டாக்டர் தொழில் ஒழுக்கம் மீறியவர் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. ‘அப்போ ஒரு பையனைக் கல்யாணம் பண்ணிக்கப் போறியா’ என்று கேட்டால், அதற்கு இன்று சட்டத்தில் இடமில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். 2023-இல் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்துக்கு விட்டுவிட்டது. இந்த விவரங்களை அப்பாவுக்குத் தாளில் எழுதிக் கொடுங்கள். அன்றைக்கு அவர் காதில் எதுவும் ஏறாது, பிறகு எடுத்துப் படிப்பார்.

அம்மா அழுவார்கள், தம்பி. அதற்குத் தயாராகப் போங்கள், ஆனால் அந்த அழுகையைப் பார்த்துச் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அந்த அழுகை ‘எனக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்’ என்பதற்காக, அப்புறம் ‘ஊருக்கு என்ன பதில் சொல்வேன்’ என்பதற்காக. முதலாவதற்கு நீங்கள் பதில் சொல்ல முடியும். உங்களுக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், சம்பாத்தியம் இருக்கிறது, தனியாகக் கிடக்கவில்லை என்று காட்டுங்கள். ஊருக்குப் பதில் சொல்ல வேண்டிய சுமையை அவர்கள் தலையில் வைக்காதீர்கள். ‘நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம்மா, அவனுக்கு இப்போ இஷ்டமில்லையாம்னு மட்டும் சொல்லுங்க’ என்று விட்டுவிடுங்கள். அம்மானுக்கும் அத்தைக்கும் பெரியாத்தாவுக்கும் உங்களைப் பற்றித் தெரிய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ‘எப்போ கல்யாணச் சாப்பாடு’ என்றால், ‘பசிக்குதா, வாங்க இப்பவே போடச் சொல்றேன்’ என்று எழுந்து போய்விடலாம்.

வீட்டில் கை நீட்டுவார்கள், அடைத்து வைப்பார்கள், போனைப் பிடுங்குவார்கள் என்ற பயம் கொஞ்சம் இருந்தாலும் ஊரில் வைத்துச் சொல்லாதீர்கள். சென்னையில் சொல்லுங்கள், அன்று ராத்திரி தங்க ஒரு நண்பர் வீடு இருக்கட்டும், உங்கள் சான்றிதழ்களும் ஆதாரும் வங்கிப் புத்தகமும் உங்களிடம் இருக்கட்டும். அம்மா அப்பாவை நம்பாமல் இதைச் சொல்லவில்லை. முதல் ஒரு வாரம் யார் எப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. நாள் போகப் போகப் பேச்சு திரும்ப வரும். அதுவரை வாரம் ஒருமுறை நீங்களே போன் பண்ணி, சாப்பிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டே இருங்கள், பதில் வராவிட்டாலும்.

என் அப்பா காரைக்குடி பக்கத்தில் ஆச்சி வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர், கல்யாணச் சமையலும் பிடிப்பார். நாங்கள் நகரத்தார் இல்லை. பெங்களூரில் என் ஆபீஸில் ‘செட்டிநாட்டுக்காரி’ என்று என்னைச் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ‘அது அவங்க பேரு, நமக்கு எதுக்கு’ என்கிறார். சித்தப்பாவும் சேர்ந்துகொண்டு திட்டுகிறார். நான் சொல்வது தப்பா?
– வாசகி, பெங்களூர்

தப்பில்லை. நீங்கள் பிறந்த மண்ணின் பெயர் அது. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் சாயம் ஊற்றித் தரைக்கல் போடுகிறவர், கண்டாங்கி நெய்கிறவர், ஓலைக் கொட்டான் முடைகிற பெண்கள், வளவு வீட்டுக் கதவில் யாளி செதுக்கிய ஆசாரி எல்லோரும் செட்டிநாட்டுக்காரர்கள்தான். செட்டிநாட்டுக் கொட்டானுக்கு 2013-இலும் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது அந்தக் கைகளால்தான். செட்டிநாட்டுச் சமையல் என்று ஊரெல்லாம் பலகை தொங்குகிறதே, அந்த ருசிக்குப் பக்குவம் சொன்னது ஆச்சிகள் என்றால், விறகடுப்பில் நின்று அதைக் கொண்டுவந்தது உங்கள் அப்பா மாதிரி ஆட்கள்.

ஆனால் அப்பாவோடு வாதாடாதீர்கள். அவர் சொல்வதில் ஒரு வலி இருக்கிறது. அந்த வீடுகளில் அவர் எந்த வாசல் வழியாக உள்ளே போனார், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார், எந்த வயதில் வேலைக்குச் சேர்ந்தார் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? ‘நமக்கு எதுக்கு’ என்கிற பேச்சு அங்கிருந்துதான் வரும். பெயரைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிக் கேளுங்கள். ஆயிரம் பேர் பந்திக்கு வெண்டைக்காய் மண்டிக்கு அரிசி கழுவிய கழனி எவ்வளவு பிடிக்கும், கந்தரப்ப மாவை எந்தப் பதத்தில் எடுப்பது, கும்மாயத்துக்குப் பருப்பை எந்த வாசனையில் இறக்குவது என்று கேட்டால் எந்தச் சமையல்காரரும் வாய் திறக்காமல் இருக்க மாட்டார். சித்தப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவர் அண்ணனைத் திருத்துவார், இவர் அவரைத் திருத்துவார். பேச்சோடு பேச்சாக மற்றதும் வரும்.

அவர் சொன்னதை எழுதி அனுப்புங்கள். அப்பாவின் பெயரைப் போடலாம் என்று அவரே சம்மதித்தால் பெயரோடு, சமையல் பக்கத்தில் வெளியிடுகிறோம்.